கண்ணாடிக்குப் பின்னால் பன்னிரண்டு செம்புத் துண்டுகள்

தெமெனுகாவின் வீட்டில் சுவிட்ச் என்று ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. சமையலறை விளக்கு எரிய வேண்டுமானால் ஆணியில் தொங்கும் கரண்டியைத் தொட வேண்டும். ரேடியோ சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் மேசை விளிம்பில் ஒட்டிய செம்புப் பட்டையில் விரலை ஓட்ட வேண்டும். ப்ளோவ்திவ் நகரில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவள் பிழைப்பு. சிகரெட் லைட்டரால் பொசுக்கிய பொத்தான்களை இருபத்தாறு வருடமாக மாற்றி மாற்றி அவளுக்கு வெறுத்துப்போய்விட்டது. அமுக்க ஒன்று இருந்தால் அதைக் கெடுக்கவும் ஒருவன் இருப்பான் என்பது அவள் கட்சி.

அவள் குடியிருக்கும் எட்டு மாடிக் கட்டடத்தின் வாசல் பூட்டு நான்கு எண்களை அமுக்கினால் திறக்கும். அதன் பொத்தான்கள் மூன்றாவது முறையாகச் செத்தபோது, கட்டடப் பொறுப்பாளர் ராங்கெல் கடையில் புதிது வாங்கலாம் என்றார்.

"எதுக்குண்ணே? நான் செஞ்சு தர்றேன். வாசக் கதவுக் கண்ணாடிக்கு உள்பக்கம் செம்பை ஒட்டிடுவேன். வெளியில தொட்டாலே போதும். மழையும் அண்டாது, லைட்டரும் அண்டாது."

"புட்டுக்கிச்சுன்னா?"

"அடித்தள ரூமை நீங்களே வச்சுக்கங்க."

சொன்ன பிறகுதான் எதைப் பணயம் வைத்தோம் என்று அவளுக்கே உறைத்தது. ஒரு காலத்தில் துணி காயப்போட்ட அந்த அறையைக் குடியிருப்போர் அவளுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். அவள் உருவாக்கியதெல்லாம் அங்கேதான். ராங்கெலுக்கோ முட்டைக்கோஸ் ஊறவைக்கும் தன் பீப்பாய்களை அங்கே வைக்க வேண்டுமென்று ரொம்ப நாளாக ஒரு கண். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நடக்கும் குடியிருப்போர் கூட்டம் வரை பூட்டு ஒழுங்காக வேலை செய்தால் அவள் ஜெயித்தாள் என்று பேச்சு.

இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. கூட்டம் நடக்கவிருந்த ஞாயிறு காலை ராங்கெல் கீழிருந்து கத்தினார். "இறங்கி வா தாயே! உன் அதிசயத்தை வந்து பாரு!"

வாசலில் ஏழு பேர் தூறலில் நனைந்துகொண்டிருந்தார்கள். எப்படித் தொட்டாலும் பூட்டு அசையவில்லை. ராங்கெலிடம் சாவி இருந்தது, ஆனால் அவள் வந்து பார்க்கட்டும் என்றே அதைப் பையிலிருந்து எடுக்காமல் நின்றார்.

போனில் இருப்பதுபோல மூன்று மூன்றாக எண்கள் எழுதிய இடத்தை மறைத்துக் கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மூன்றாம் மாடி ஹரலாம்பி இறந்து நாற்பது நாள் என்று அவர் படத்தோடு ஓர் அறிவிப்பு. அவர் மனைவி ஸ்டோய்னா மாவுப் பசையைக் காய்ச்சித் தாராளமாகத் தடவியிருந்தாள். பன்னிரண்டு செம்புத் துண்டுகளையும் யாரோ ஒன்றாகத் தொடுவதுபோல, ஈரப் பசை கண்ணாடிக்கு வெளியே இருந்தே பூட்டைக் குழப்பிக்கொண்டிருந்தது.

"எப்பவும் இந்தக் கண்ணாடியிலதானேம்மா ஒட்டுவோம்," என்றாள் ஸ்டோய்னா. "உங்கம்மாவுக்கும் இங்கதானே ஒட்டினே."

தெமெனுகாவுக்குச் சுருக்கென்றது. வெயில், உயரம், கம்பி வரும் வழி எல்லாம் பார்த்து இடம் பிடித்தவள், அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரிந்த இந்த ஒன்றை மறந்திருந்தாள். தப்பு தன்னுடையதுதான் என்றால் சரிசெய்யவும் தன்னால் முடியும் என்று அவளுக்குத் தைரியம் திரும்பியது.

"கிழிச்சிட்டு வேற பக்கம் ஒட்டு," என்றார் ராங்கெல்.

"செத்தவங்க காகிதத்தையா? நீங்க கிழிங்க, பாப்போம்," என்றாள் தெமெனுகா.

அவர் கை நீளவில்லை.

தெமெனுகா மேலே ஓடித் தலைமுடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்தாள். ஹரலாம்பியின் முகத்தில் சூடு படாதபடி தள்ளிப் பிடித்துப் பசையை உலர்த்தினாள். பிறகு உள்ளே போய் மடிக்கணினியைச் செருகி, இனிமேல் காகிதமும் சேர்ந்ததுதான் கண்ணாடி என்று பூட்டின் மின்சில்லுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுத்தாள். காய்ந்த காகிதம் விரலை மறைக்காது.

"சரி, நம்பர் எங்க இருக்கு?" ராங்கெல் விடுவதாக இல்லை. "ஒண்ணும் தெரியலையே! தோத்துட்டேன்னு ஒத்துக்கோ."

அந்தக் காகிதத்தில் எண் எழுதத் தெமெனுகாவுக்கு மனசு வரவில்லை.

ஸ்டோய்னா முன்னால் வந்தாள். வாதத்தில் வளைந்த அவள் விரலுக்குப் பழைய பொத்தான்கள் அசைந்ததே இல்லை. "ரெண்டு, அஞ்சு, எட்டு, சைபர். நேரா ஒரே கோடுதானே?" படத்தில் ஹரலாம்பியின் நெற்றியைத் தொட்டாள். கழுத்து டையைத் தொட்டாள். நாற்பது நாள் என்ற எழுத்தைத் தொட்டாள். கடைசியாக, அடியில் இருந்த தன் பெயரைத் தொட்டாள்.

பூட்டு சத்தம் போட்டுத் திறந்தது.

ராங்கெல் கதவை மறுபடி சாத்தினார். தொப்பியைக் கழற்றினார். "மன்னிச்சுக்க, ஹரலாம்பி," என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் நெற்றியில் தொடங்கி நான்கு இடத்திலும் விரலை வைத்தார். மீண்டும் திறந்தது.

"பீப்பாயை என் பால்கனியிலயே வச்சுக்கறேன்," என்றார் தெமெனுகாவைப் பார்க்காமல்.

ஸ்டோய்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நாப்பத்தொரு வருஷம், யாரோ கதவைத் தட்டறாங்க போய்த் திறய்யான்னு கத்துவேன். நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டாரு. இப்பப் பாரு, ஊருக்கே திறந்துவிடறாரு."