நாற்பத்தாறாவது வளைவு

அமிர்தசரஸில் சைக்கிளை எடுத்த முப்பத்தெட்டாம் நாள் காலை கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் காளப்பநாயக்கன்பட்டிக்கு வந்து சேர்ந்தேன். கன்னியாகுமரிக்கு இன்னும் ஐந்தாறு நாள் பாதை. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். கோடை விடுமுறையில் நாட்டை வடக்கிலிருந்து தெற்காகச் சைக்கிளில் கடப்பது என்று மூன்று தோழிகள் கிளம்பினோம். ஒருத்தி குவாலியரில் வயிற்றுப்போக்கோடு ரயிலேறினாள். இன்னொருத்திக்கு நாக்பூருக்கு முன்பே முழங்கால் வீங்கிவிட்டது. மிச்சம் நான்.

தனியாக ஓட்டிய நாட்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. விடிவதற்கு முன் எழுந்து பதினொரு மணி வரை ஓட்டுவேன். பிறகு ஏதாவது பெட்ரோல் பங்க் நிழலில் விழுந்து கிடப்பேன். தெலங்கானாவில் தார் இளகி டயரில் ஒட்டி, சரளைக்கல்லையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்தது. எல்லா டீக்கடையிலும் அதே மூன்று கேள்விகள். எங்கிருந்து, எதுவரை, வீட்டில் எப்படி விட்டார்கள். முதல் பத்து நாள் ஆசையாகப் பதில் சொன்னேன். பிறகு சொல்லும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. இரண்டு கையிலும் சுண்டுவிரல் மரத்துப்போய், சட்டைப் பொத்தான் போடுவதே பெரிய வேலையாகிவிட்டது.

கொல்லிமலை என் பாதையில் இல்லை. நேராக நாமக்கல் போயிருக்கலாம். மேலே குளிர்ச்சியாக இருக்கும் என்ற ஒரே ஆசையில் திரும்பினேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் என்று தெரியும். களைத்துப் போனவளுக்குக் கணக்கு வராது, கணக்கு டீச்சராக இருந்தாலும்.

ஒன்பதாவது வளைவில் ஒரு பஸ் ஆவி கக்கிக்கொண்டு நின்றிருந்தது. ஜனங்கள் மர நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு அம்மாள் மட்டும் உரச்சாக்குப் பை ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு புதருக்குள் ஏறி மறைந்தார். நான் மூச்சு வாங்கப் பதினொன்றாவது வளைவுக்குப் போனால், அவர் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருக்கிறார். ரோடு சுற்றிக்கொண்டு போகும் இடத்தை அவர் ஒற்றையடித் தடத்தில் குறுக்கே ஏறிவிடுகிறார் என்பது அப்புறம்தான் புரிந்தது.

"ஏனுங்க, மேலயா போறீங்க? இந்த வெயில்லயா?"

"நீங்களும் இதே வெயில்லதானே நடக்குறீங்க?"

"எனக்கு மாடு கறக்கோணுமுங்க. உங்களுக்கு என்ன?"

சிரித்து வைத்தேன்.

பதினான்கில், பதினேழில், இருபதில் என்று அவர் எனக்காகக் காத்திருந்தார். என் வயதுதான் இருக்கும். மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டுக்காரர். சேந்தமங்கலத்தில் மகளுக்குக் குழந்தை பிறந்து, பார்த்துவிட்டுத் திரும்புகிறார். வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் கட்டட வேலை. இதெல்லாம் துண்டு துண்டாக, வளைவுக்கு ஒரு வாக்கியமாகத் தெரிந்துகொண்டேன். நான் டீச்சர் என்று சொன்னதும் என்னை 'டீச்சரு' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். முதலில் நான் வந்து சேரும்போதெல்லாம் சிரித்தவர், முப்பதைத் தாண்டியதும் சிரிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"இறங்கித் தள்ளிட்டு வாங்க டீச்சரு. ஆரு பாக்கறா?"

இறங்கினால் மறுபடி ஏற முடியாது என்று எனக்குத் தெரியும். இறங்கவில்லை.

நாற்பத்தாறாவது வளைவில் எனக்குக் குளிர ஆரம்பித்தது. அந்த உச்சி வெயிலில் கை மயிர் சிலிர்த்து நின்றது. வேர்வை நின்று தோல் காய்ந்து கிடந்தது. ஆபத்து என்று படித்திருக்கிறேன். ஆனால் அந்த அறிவு வேறு யாருடையதோ போல எங்கேயோ இருந்தது. சைக்கிள் தானாகச் சாய்ந்தது. அதோடு நானும்.

அவர் அக்குளில் கைகொடுத்து இழுத்து என்னைப் பாறை நிழலில் போட்டார். என் பாட்டிலில் வெயிலில் சுட்டுக் கிடந்த தண்ணீரைத் தலையில் கவிழ்த்தார். மிச்சத்தில் முந்தானையை நனைத்து என் கழுத்தில் சுற்றினார். பையிலிருந்து ஒரு மோர் பாக்கெட்டை எடுத்துப் பல்லால் கிழித்து வாயில் வைத்தார்.

"மெதுவா, மெதுவா குடி சாமி."

கால் மணி நேரம் கழித்துக் கண் தெளிந்தது. எழுந்து சைக்கிளைத் தேடினேன். "இன்னும் இருபத்திநாலுதான் அக்கா. தள்ளிட்டே போயிடறேன்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க டீச்சரு, உங்கள ஆராச்சும் அடிச்சு ஓட்டச் சொன்னாங்களா?"

நான் அழுதுவிட்டேன். முப்பத்தெட்டு நாளில் அதுதான் முதல் தடவை. வாலாஜாவில் நாய் துரத்தி விழுந்தபோதுகூட அழவில்லை. அவர் ரோட்டின் நடுவில் போய் நின்று, பலாப்பழம் ஏற்ற மேலே போன காலி வேனைக் கைகாட்டி நிறுத்தினார். சைக்கிளைப் பின்னால் படுக்க வைத்தார்கள். அமிர்தசரஸிலிருந்து ஒரு அடிகூட வண்டியேறாமல் வந்த கணக்கு அங்கே முடிந்தது. வருத்தப்பட வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் தூங்கிவிட்டேன்.

அவர் வீட்டில் இரண்டு நாள் கிடந்தேன். எழுப்பி, வேகவைத்த குச்சிக்கிழங்கும் ராகிக் களியும் கொடுப்பார்; தின்றுவிட்டு மறுபடி படுப்பேன். முதல் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து என்னைப் பார்த்தார்கள். அதே மூன்று கேள்விகள். நான் வாய் திறப்பதற்குள் அவரே, "தூங்கட்டும் போங்க, அப்பறம் கேட்டுக்கலாம்" என்று விரட்டிவிட்டார்.

மூன்றாம் நாள் காலை உடம்பு பரவாயில்லை. பனி விலகாத வாசலில் சைக்கிள் சுவரோரம் நின்றது. செயினுக்கு எண்ணெய் விட்டேன். காற்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஏறி உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்தில் கீழே இறங்கிவிடலாம். பிறகு மதுரை, திருநெல்வேலி. எனக்கு அந்த ஊர்களின் பேர் எதுவும் வேண்டியிருக்கவில்லை. வழியெல்லாம் போனில் விசாரித்துக்கொண்டிருந்த எங்கள் பள்ளித் தலைமையாசிரியைக்குப் போன் செய்து, "நிறுத்திட்டேன் மேடம்" என்றேன். "உடம்புக்கு ஏதாவதா?" என்றார். "இல்ல மேடம், போதும்னு இருக்கு" என்றேன். சொல்லிவிட்ட பிறகு நெஞ்சு லேசாகவில்லை.

அன்று மதியம் பழங்களோடு நாமக்கல் போகும் அதே வேனில் அந்த அம்மாள் எனக்கு இடம் சொல்லி வைத்தார். "மெளகுக்கொடிக்கு மண்ணணைக்கோணும் டீச்சரு, நான் காட்டுக்குப் போறேன். நீங்க கெளம்பறப்ப ஊட்டப் பூட்டி, சாவிய அடுத்த ஊட்டுல குடுத்துருங்க" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நன்றி சொல்வதற்கென்று நான் யோசித்து வைத்திருந்தது எதையும் சொல்ல வாய்க்கவில்லை.

தின்ற தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். பாயைச் சுருட்டினேன். வேன் ஹாரன் கேட்டதும் கதவைப் பூட்டி, அடுத்த வீட்டுப் பெண்ணிடம் சாவியைக் கொடுத்து, சைக்கிளைப் பழங்களின் மேல் படுக்க வைத்துவிட்டு, டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.