மலையா, உப்பா?

போன வாரம் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நான் எடுத்த போட்டோவில் இருப்பது மலையா, உப்பா?

சிரிக்காதீர்கள். உங்களுக்கு வந்தால் தெரியும்.

எங்கள் போட்டோ கிளப்பில் கண்காட்சி. தலைப்பு – மலைச்சரிவுகள். தூத்துக்குடியில் இருந்துகொண்டு மலைச்சரிவு! ஒரு கோலிக்குண்டைத் தரையில் வைத்தால் எந்தப் பக்கம் உருள்வது என்று அதுவே குழம்புகிற ஊர் இது. ஆனாலும் பேர் கொடுத்தேன். அதுவும் 'அப்ஸ்ட்ராக்ட்'. அதாவது, மலை இருக்க வேண்டும். மலை மாதிரி இருக்கக் கூடாது. வானம் கூடாது, உச்சி கூடாது. வெறும் சரிவு, மடிப்பு, நிழல்.

மலையைப் படம் எடுக்கப் பாபநாசம் போவதற்கு முந்தின நாள் ஒத்திகை. மலைக்கு எங்கே போவது? உப்பளத்துக்குப் போனேன். குவித்து வைத்த உப்பு அம்பாரங்களில் சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது... அடடா, இமயமலை! நூறு படம். மறுநாள் பாபநாசத்தில் நிஜ மலை. இருநூறு படம். எல்லாம் ஒரே மெமரி கார்டில். கேமராவில் நான் தேதியே வைத்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் முன்னூறையும் மொத்தமாகக் கறுப்பு வெள்ளை ஆக்கினேன். பிறகு செதுக்கல். வானமா – வெட்டு. கம்பி வேலியா – வெட்டு. புள்ளி புள்ளியாக ஏதோ உறுத்துகிறதா – அழி. நாலு நாள் அழித்து, கடைசியில் ஒரே ஒரு படம் மிஞ்சியது. இரண்டு மடிப்பு, நடுவில் ஒரு நிழல். அற்புதம்! அந்த சந்தோஷத்தில் மற்ற எல்லாவற்றையும் டெலீட் செய்து, கார்டையும் ஃபார்மட் அடித்துவிட்டேன்.

அப்புறம்தான் கிளப்பின் படிவம் வந்தது. 'எடுத்த இடம்' என்று ஒரு கோடு.

பேனா நின்றுவிட்டது.

"பாபநாசம்னு எழுத வேண்டியதுதானே?" என்றாள் எஸ்தர். என் மனைவி, நாசரேத்துக்காரி, கணக்கு டீச்சர்.

"உப்பா இருந்தா?"

"நீங்க எடுத்த படம்தானே... உங்களுக்கே தெரியலையா?"

"அதான் அப்ஸ்ட்ராக்ட்."

"அப்போ யாருக்குத் தெரியப்போகுது?"

யாருக்கா? இந்த ஊரில் ஆட்டோக்காரரில் இருந்து பல் டாக்டர் வரை எல்லார் சொந்தத்திலும் ஒருத்தராவது உப்பளத்தில் இருப்பார். கண்காட்சிக் கூட்டத்தில் ஒரே ஒரு ஆள், "ஏலே, இது நம்ம அளம்லா!" என்று சொன்னால் போதும். அன்றிலிருந்து நான் 'உப்புமலை'. எங்கள் ஊரில் பட்டப்பேர் வைத்தால் கல்லறைக்கல் வரைக்கும் கூட வரும்.

படிவம் கொடுக்க அன்று சாயங்காலம் ஐந்து மணிதான் கெடு. பிரிண்டைச் சுருட்டிக்கொண்டு உப்பளத்துக்கு ஓடினேன். அங்கே மேற்பார்வை பார்க்கிற தங்கராஜ் அண்ணாச்சி என் பழைய சிநேகிதர். படத்தைப் பார்க்க அவருக்கு ஒரு விநாடிதான் ஆனது.

"உப்புதான் வே."

"நல்லாப் பாருங்க அண்ணாச்சி."

"முப்பது வருசமா இதுலதான் கெடக்கேன். மழை நனைச்சு மேல தோல் கட்டியிருக்கு, பாரும். ஆனா நம்ம அளம் இல்ல. நம்மாளு இப்படிக் கோணலாவா குவிப்பான்? பக்கத்து அளத்துக்காரன் வேலை இது."

நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் பக்கத்து அளத்தின் வேலைச் சுத்தத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கிறார். வேலை பார்த்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். "இந்தக் கோடு உப்புப் பொட்டி சுமந்து ஏறுன தடம்" என்றார் ஒருவர். "ஆமா, கோணல்தான்" என்றார் இன்னொருவர். தீர்ப்பு எழுதியாகிவிட்டது. படத்தை வாபஸ் வாங்கிவிடலாம் என்று கிளப் செயலாளருக்கு போன் போடப் போனேன்.

கூடி நின்றவர்களில் முத்துலட்சுமி என்ற பெண் பிரிண்டை வாங்கி வெயிலில் பிடித்தாள்.

"அண்ணாச்சி, இந்தா மேல கறுப்பா ஒண்ணு நிக்கு."

"தூசி. தட்டி விடு ஏளா."

தட்டினாள். முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"தூசிக்கு எங்கயாச்சும் கொப்பும் கிளையும் இருக்குமா? மரம்லா இது!"

மரம்! கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மரமேதான்! நாலு நாளாக நான் புள்ளி புள்ளியாக அழித்ததெல்லாம் மரங்கள். ஒரு முழுக் காட்டை மவுஸால் வெட்டிச் சாய்த்திருக்கிறேன். அதில் ஒன்று மட்டும் எப்படியோ தப்பிப் பிழைத்து, என் மானத்தைக் காப்பாற்ற நின்றுகொண்டிருக்கிறது.

முத்துலட்சுமிக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டேன். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது 'பாபநாசம்' என்று எழுதிக் கொடுத்தேன்.

உண்மையைச் சொன்னால் அந்த மரம் படத்தைக் கெடுக்கிறது. பார்க்கிற கண் நேரே அங்கேதான் போகிறது. அழிக்கச் சொல்லி விரல் அரித்தது. அழகா, மானமா? யோசிக்கவே இல்லை. அந்த மரத்தை இன்னும் கொஞ்சம் கறுப்பாக்கி, புதிதாக ஒரு பிரிண்ட் போட்டேன்.

வேண்டாததை எல்லாம் அழித்த பின்னால் மிஞ்சுவதுதான் கலை என்கிறார்கள். இருக்கலாம். மிஞ்சியது என்னவென்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. தங்கராஜ் அண்ணாச்சி கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். என் படத்தின் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகு நேரம் நின்றார். பிறகு, வெட்டவெளியில் பேசியே பழகிய குரலில் ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"படம் ஜோரா இருக்கு வே. ஆனா உப்புல இம்புட்டுப் பெரிய மரம் முளைச்சு நான் பார்த்ததே இல்ல!"

மொத்த ஹாலும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.