பத்தாவது மரம்

பூனாவில், கட்கி தோட்டா ஆலையில் என் அப்பாவின் வேலை, தோட்டாக்களைப் பார்த்துக் கழித்துப் போடுவது. நெளிந்தது, கீறியது எல்லாம் தனிப் பெட்டிக்குப் போகும். வீட்டிலும் அப்படித்தான். கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சொத்தை என்றால் வெளியே. எனக்கும் அந்தக் கை வந்துவிட்டது.

எட்டாவதோடு என் படிப்பு நின்றது. தொண்ணூறுகளில் பூனாவிலேயே, செடி கொடிகளை ஆராயும் ஓர் இடத்தில் எடுபிடியாகச் சேர்ந்தேன். கோயம்புத்தூரிலிருந்து வந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு மேடத்துக்கு மலையிலிருந்து மரப்பட்டை எடுத்து வர வேண்டும். அந்த மரத்தை மராத்தியில் நரக்யா என்பார்கள். கீறினால் நாறும். புற்றுநோய் மருந்துக்கான சத்து அதில் இருக்கிறது. எந்த மலையில், எந்த மரத்தில் எவ்வளவு சத்து என்பது மேடத்தின் கேள்வி. ஒரே ஜாதி மரம், சத்தும் ஒன்றாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

மே கடைசியில் மேடத்துக்குக் காய்ச்சல். ஒரே ஒரு மலை பாக்கி. மழை விழுந்தால் அங்கே பாதை கிடையாது. ஒரு வருடம் வீணாகும். நான் தனியாகப் போனேன். பாதையோரம் எண்ணிக்கொண்டே நடந்து, ஒவ்வொரு பத்தாவது நரக்யாவிலும் ஒரு துண்டு பட்டை எடுத்து, மரத்தின் சுற்றளவை எழுத வேண்டும். இருபது மரம்.

பத்தாவது மரம் பூச்சி அரித்து நோஞ்சானாக நின்றால், அதை விட்டுவிட்டுப் பக்கத்து நல்ல மரத்தில் எடுத்தேன். மருந்துக்குப் போகிற பட்டை அல்லவா.

மேடம் நோட்டைப் பார்த்தார்.

"ஏனுங்ண்ணா, அந்தக் காட்டுல ஒல்லி மரமே இல்லீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

"இருந்திச்சி மேடம். நான்தான் ரிஜெக்ட் பண்ட்டேன்."

அவர் நோட்டை மூடி வைத்தார்.

"மரத்தை எண்ணச் சொன்னா, பொண்ணு பாத்துட்டு வந்திருக்கீங்க."

"தப்புதான். நாளைக்கே போறேன்."

"மழை வந்துட்டா?"

"நான் நனையறேன். பட்டை நனையாது."

மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினேன். எண்ணி எண்ணி எடுத்தேன். கடைசி மூன்று மரத்துக்கு மழை பிடித்துக்கொண்டது. பட்டையை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினேன். இறங்கும்போது பாதையில் தண்ணீர் ஓடியது.

பட்டையைக் காயவைத்து இடித்து, சாறெடுத்து, ஒரு தட்டில் பொட்டுப் பொட்டாக வைப்பார்கள். இருட்டறையில் ஊதா விளக்கு போட்டால், சத்து உள்ள பொட்டு நீலமாக மின்னும்.

நான் கொண்டுவந்த பட்டைக்கு விளக்கு போட்ட அன்று மேடம் என்னையும் கூப்பிட்டார். இருபதில் ஒன்று மட்டும் பளிச்சென்று எரிந்தது. அதன் நம்பரைப் பார்த்தேன். முதல் தடவை நான் ஒதுக்கிய மரம். பூச்சி தின்றது. அதற்கு அடுத்ததும் நோஞ்சான்தான். அதில் நீலம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. தடித்த மரங்களும் ஒன்றைப் போல ஒன்று இல்லை.

"ஏன் மேடம் இப்படி?"

"அதைத்தானுங்ண்ணா நானும் கேட்டுட்டிருக்கேன். பிறவியிலயே அப்படியா, மண்ணா, பூச்சி கடிச்சதாலயா. இன்னும் தெரியலீங்க."

படித்தவர் ஒருவர் தெரியாது என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

வீட்டில் அப்பா காய் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"அப்ப எத்தப் பாத்துடா கழிக்கிறது?"

"கழிக்கிறதே இல்லப்பா. எண்ணுறதுதான்."

கையிலிருந்த கத்தரிக்காயை ஒரு தரம் திருப்பினார். வெளியே போட்டார்.