மூன்றாம் கம்பி

முதல் மணி அடிக்கும் முன்பே செய்தி வந்துவிட்டது. நான் மாற்றலாகி வந்திருக்கும் ரெட்டியார்சத்திரம் பள்ளியின் வாசலில் பஸ்ஸை நிறுத்திய கண்டக்டர், படியில் நின்றபடியே சொன்னார்: "டவுன்ல ரோசலின் டீச்சர் விடியக்காலையில தவறிட்டாகளாம். ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாக." அதே பஸ் திரும்பி வந்தபோது ஏறிக்கொண்டேன்.

திண்டுக்கல்லில் அவரிடம் பாட்டும் தையலும் படித்தவர்கள் தெருவுக்கு நாலு பேராவது இருப்பீர்கள். குனிந்த தலை நிமிராத டீச்சர் என்றே உங்களுக்குத் தெரியும். அவர் கிட்டார் வாசிப்பார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மடியில் கிடத்தி, கம்பிகள்மேல் ஓர் எஃகு உருளையை நகர்த்தி வாசிக்கும் ஸ்டீல் கிட்டார். கொழும்பில் வேலை பார்த்த அப்பா கொண்டுவந்தது. அப்பா காலமான பின் அண்ணன் வீட்டின் பின்னறையில் அதுவும் அவரும் இருந்தார்கள்.

அண்ணனுக்குப் புகையிலைக் கடை. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். தங்கைக்குப் பூ வாங்காமல் வீடு திரும்பமாட்டார். "வாசி, வேணாங்கல. தெருவுக்குக் கேக்கக் கூடாது. கல்யாணமாகாத பொண்ணு இருக்கிற வீடு" என்பார். ஆகவே ரோசலின் டீச்சர் கதவு, சன்னல் எல்லாம் சாத்தி, கம்பிகளுக்கு அடியில் கைக்குட்டையைச் செருகி வாசிப்பார். ஒரு சித்திரை மாதம் கேட்கப் போன எனக்கு அரை மணி நேரத்தில் மூச்சு முட்டியது. "பழகிரும் டீச்சர்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்தக் கிட்டாரில் ஆறு கம்பிகள். கீழ்ச்சுரத்துக் கம்பிகள் மூன்றும் மெல்லிய இழை சுற்றிய சுற்றுக்கம்பிகள். மேலே இரண்டும் வெறுங்கம்பிகள். நடுவில் நிற்கும் மூன்றாவதை எப்படியும் போடலாம். சுற்றுக்கம்பியில் உருளை நகர்ந்தால் கர்ரென்று உராயும். கைக்குட்டை நாதத்தை அடக்குமே தவிர அந்த உராய்வை அடக்காது, முன்னறைவரை கேட்கும். அதனால் மூன்றாவதிலும் வெறுங்கம்பியே போட்டு, கீழ்க்கம்பிகளைத் தொடாமலே காலத்தை ஓட்டினார். "சுத்துக்கம்பிக்குத்தான் டீச்சர் நெஞ்சு இருக்கு. வெறுங்கம்பிக்குத் தொண்டை மட்டுந்தான்" என்று ஒருமுறை சொன்னார்.

ரேடியோவில் வாசிக்க ஆள் தேர்வு என்ற அறிவிப்பைக் காட்டி அவரைக் கிளப்பியது நான்தான். நாங்கள் சேர்ந்து வேலை பார்த்த பள்ளியின் விஞ்ஞானக் கூடத்துச் சாவி என்னிடம் இருந்தது. மதராசிலிருந்து சுற்றுக்கம்பி தருவித்தோம். முதல் சனிக்கிழமை எல்லாச் சன்னல்களையும் திறந்துவிட்டேன். அவர் கைக்குட்டையை உருவினார். வாசித்தார். நான் அழுதேன்; சொல்வதில் வெட்கமில்லை.

விண்ணப்பத்தை நிரப்பியதும் நான்தான், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று. ஆசிரியர் கூட்டம் என்று அண்ணனிடம் பொய் சொல்லித் திருச்சிக்குப் போய் வாசித்துவிட்டு, ரயிலில் வழிநெடுகச் சிரித்துக்கொண்டே வந்தோம்.

பதில் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, கூடத்தில் உட்கார்ந்து சுற்றுக்கம்பியைக் கழற்றினார். தேற்றுவதாக நினைத்து நான் சொல்லி வைத்தேன்: "பழக்கமில்லாத கம்பி காலை வாரிடுச்சு. வெறுங்கம்பியே போட்டிருக்கணும்."

அவர் என்னை ஒருகணம் பார்த்தார். "ஆமா டீச்சர். கம்பிதான் சரியில்ல." அதைச் சுருட்டி என்னிடம் கொடுத்தார். "நீங்களே வச்சுக்கோங்க." அன்று சாத்திய சன்னல் பிறகு திறக்கவே இல்லை.

அடக்கம் முடிந்து கல்லறை வாசலில் நின்றபோது அண்ணன் என்னிடம் வந்தார். மனிதர் உடைந்து போயிருந்தார்.

"அந்த ரேடியோக் கடுதாசி வந்துச்சு டீச்சர். தேர்வாயிருச்சுன்னு. எம்பேரு போட்டு வந்ததால நாந்தான் பிரிச்சேன். இஷ்டமில்லைன்னு எழுதிப் போட்டுட்டேன்."

அவர் பெயர் ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். கல்யாணமாகாத பெண்ணின் முகவரியில் ஓர் ஆண் பெயர் இல்லாமல் எப்படி என்று, என் கை தானாக "மே/பா" போட்டு அண்ணன் பெயரையும் வீட்டு விலாசத்தையும் எழுதியிருந்தது. பள்ளி விலாசத்தை எழுதியிருந்தால் போதும். ரோசலின் டீச்சருக்கும் அது தோன்றவில்லை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

"யாரு தூண்டிவிட்டது, யாரு எழுதிக் குடுத்ததுன்னு அன்னைக்கிக் கேட்டேன்" என்றார் அண்ணன். "யாருமில்லண்ணே, நானே எழுதினேன்னா. கடுதாசி வந்தது ஒங்க காதுக்குப் போகக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிக்கிட்டா. ஏன்னு எனக்கு இன்னைக்கும் வெளங்கல டீச்சர்."

எனக்கு விளங்கியது. என் பெயரைச் சொல்லியிருந்தால் அந்த வீட்டு வாசலை நான் மிதித்திருக்க முடியாது. அவரைத் தேடி அந்த வீட்டுக்கு வந்தவள் நான் ஒருத்திதான். நான் எழுதிய விலாசத்தால்தான் எல்லாம் போனது என்ற பழி என்மேல் விழக்கூடாது என்றுதான் இத்தனை வருஷம் கம்பியின் மேல் போட்டுச் சுமந்திருக்கிறார். தெரியாமல் நானும் அதையே சொல்லித் தேற்றிக்கொண்டிருந்தேன்.

கிட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் அண்ணன். வேண்டாம் என்றேன். என்னிடம் அவருடையது ஒன்று இருக்கிறது. நீலத் தாளில் சுருட்டிய மூன்றாம் கம்பி. நேற்று பிரித்துப் பார்த்தேன். துருவில்லை, முறுக்கு எங்கும் அவிழவில்லை.

கம்பி சரியாகத்தான் இருந்தது, டீச்சர்.