அடுத்தவர் பிள்ளையோடு மலையேறுவது

ஒரு பிள்ளையை ஒரு நாள் மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டால், அது எதையாவது கற்றுக்கொண்டிருக்குமா? சென்றாயன் அண்ணனிடம் இதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். நான் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள். வருடா வருடம் கேள்வித்தாள் தயாரிக்கிறவள். விடை தெரியாமல் ஒரு கேள்வியைக் கேட்பது எனக்குப் பழக்கமில்லை. இதற்கு மட்டும் இன்றுவரை எனக்கு விடை தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்காக அவர் கவலைப்பட்டதில்லை.

செய்தி வியாழக்கிழமை மதியம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை குரங்கணிக்குப் போகிற குடும்பங்களுக்காக அவர் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில், புளிச்சோறா எலுமிச்சைச் சோறா என்று விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. தயிர்ச்சோறு வெயிலுக்குப் புளித்துப்போகும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே, சென்னையில் இருக்கும் அண்ணனின் மகன், அப்பா சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்று எழுதியிருந்தான். அதைப் பார்க்காத இன்னொருவர் அதற்கும் கீழே, ஊறுகாய் நான் கொண்டுவருகிறேன் என்று போட்டிருந்தார். பிறகு அதை அழித்துவிட்டார். அழித்திருக்க வேண்டாம். அண்ணன் பார்த்திருந்தால் முதலில் ஊறுகாய்க்குத்தான் நன்றி சொல்லியிருப்பார்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. இந்த வருடம் சேர்ந்தவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். சென்றாயன் அண்ணன் இன்சூரன்ஸ் ஏஜென்ட். போடியிலும் சிலமலையிலும் ராசிங்காபுரத்திலும் மேலே ஏலத்தோட்டங்களிலும் அவர் காப்பி குடிக்காத வீடு குறைவு. பங்குனியில், பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை தொடங்கும் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பதினைந்து குடும்பங்களைத் திரட்டிக்கொண்டு குரங்கணிக்குப் போவார். கோடையின் முதல் மழை விழுந்திருந்தால் காப்பி பூத்திருக்கும். காட்டுப் பாதைப் பக்கம் தலைகாட்ட மாட்டார். ஜீப் ரோடு, தெரிந்த ஒருவரின் தோட்டம், ஆற்றங்கரை, சாப்பாடு. சாயங்காலம் வீடு.

இதில் ஒரு விதி உண்டு. யாரும் சொந்தப் பிள்ளையோடு போகக் கூடாது. குரங்கணியில் இறங்கியதும் அண்ணன் பிள்ளைகளை மாற்றிவிடுவார். உங்கள் மகள் அன்று முழுவதும் இன்னொரு குடும்பத்தோடு நடப்பாள், அவர்கள் கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிடுவாள். உங்களோடு வேறு யாருடைய பிள்ளையோ வரும். யாரை யாரோடு அனுப்புவது என்பதை அவர் அந்த இடத்தில் நின்றுதான் முடிவு செய்வார். எங்கள் ஊரில் யார் வீட்டுப் பிள்ளை யார் வீட்டில் சாப்பிடும், யார் வீட்டில் சாப்பிடாது என்பது பேசாமலே எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். தெரியாதவர் போல நடந்துகொள்வதுதான் அவருடைய திறமை.

என் வீட்டுக்கு அவர் முதலில் வந்தபோது என் மகள் நான்காம் வகுப்பில் இருந்தாள். பாலிசி விற்கத்தான் இந்த மலைப் பயணம் எல்லாம் என்று சந்தேகப்பட்டேன். அதை மறைக்கவும் இல்லை. அவர் கோபப்படவில்லை. "ஏறும்போது பாலிசி பேச மாட்டேன் மேடம். எறங்கும்போதும் பேச மாட்டேன். திங்கக்கெழம வந்துதான் பேசுவேன்" என்றார். சொன்னபடி திங்கட்கிழமை வந்தார். நானும் ஒரு பாலிசி எடுத்தேன். அந்த வருடம் மலையேறியவர்களில் எடுக்காதவர்கள் யாரும் இல்லை என்று பிறகு தெரிந்தது.

பிள்ளைகளை ஏன் மாற்றவேண்டும் என்று அந்த முதல் தடவையே கேட்டேன்.

"சொந்தப் பிள்ளைன்னா நாள் பூராம் வெரட்டிக்கிட்டே இருப்போம். அடுத்தவன் பிள்ளைன்னா கொஞ்சம் மரியாதையாப் பேசுவோம்ல" என்றார்.

அன்று என் மகளை செல்வம், லதா என்ற தம்பதியோடு அனுப்பினார். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள். முதல் பஸ் பிடித்து இறங்கி வந்திருந்தார்கள். எனக்குக் கிடைத்தது கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் கோமதியின் மகன். தோட்டத்துக்குள் போனதும், ஏலக்காய் எங்கே காய்க்கிறது கண்டுபிடியுங்கள் என்றார் அண்ணன். பிள்ளைகள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். பெரியவர்களில் பாதிப்பேரும் அண்ணாந்துதான் பார்த்தார்கள். ஏலம் செடியின் அடியில், தரையோடு தரையாகச் சரம்விட்டுப் பூக்கிறது. ஒன்றிரண்டு பூ இருந்தது. அதைப் பார்க்க எல்லோரும் குப்புறப் படுக்க வேண்டும் என்றார். எங்கள் துறைத் தலைவர் அந்த வழியே வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே நானும் படுத்தேன்.

வீட்டுக்குத் திரும்பிய மகள், நாளைக்குக் கப்பையும் கருவாட்டுச் சம்மந்தியும் செய் என்றாள். மரவள்ளிக் கிழங்கையும் துவையலையும் மேலே அப்படித்தான் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். சமைக்கத்தான் தெரியாது. எங்கள் வீட்டில் அதுவரை கருவாடு நுழைந்ததில்லை. லதாவுக்குப் போன் செய்து கேட்டுச் செய்தேன். நன்றாக வரவில்லை.

கோமதியைப் பற்றி அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். முதல் சில வருடங்கள், தன் பிள்ளை யாரோடு போனாலும் கூடவே தனியாக ஒரு சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்தனுப்புவார். அண்ணன், டப்பாவை நானே கொடுத்துவிடுகிறேன் என்று பவ்யமாக வாங்கிக்கொள்வார். சாப்பாட்டு நேரத்தில் தலையில் கை வைத்துக்கொண்டு, ஐயோ ஜீப்பிலேயே விட்டுவிட்டேனே என்பார். ஜீப் அடுத்த லோடு ஏற்றக் கீழே போயிருக்கும். வருடா வருடம் இது நடந்தது. கோமதிக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் வருடா வருடம் டப்பாவைக் கொடுத்தார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

பறவை, மரம் ஆகியவற்றில் அண்ணனின் அறிவு சுமார்தான். தெரியாத பறவை எதுவானாலும், கண் சிமிட்டாமல், "இது மைனா வகையறா" என்பார். நான் திருத்துவேன். ஒருநாள் தனியாக வந்து, நீங்கள் பெயரைச் சொன்னதும் பிள்ளைகள் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள் என்றார். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை, இப்போதும் ஒப்புக்கொள்வதில்லை. பெயர் தெரிந்தால்தான் அடுத்த தடவை அதைத் தேட முடியும். இந்தச் சண்டை எங்களுக்குள் ஒவ்வொரு பங்குனியிலும் நடந்தது. யாரும் ஜெயிக்கவில்லை.

பிள்ளை மாற்றியதில் ஒரு தடவை பெரிய தவறும் நடந்தது. கோமதியின் சின்ன மகளை அன்று சிலமலையிலிருந்து வந்த மாரியப்பன் குடும்பத்தோடு விட்டிருந்தார். திரும்பும்போது பிள்ளைகள் எல்லாம் தூக்கம். நாள் முழுவதும் தன்னோடு இருந்த பிள்ளையை, மாரியப்பனின் மனைவி தன் பிள்ளைகளோடு சேர்த்து அள்ளிக்கொண்டு சிலமலை பஸ்ஸில் ஏறிவிட்டார். மகள் அவள் அப்பாவோடு ஆட்டோவில் போயிருப்பாள் என்று கோமதி நினைத்தார். கணவர், கோமதியோடு இருப்பாள் என்று நினைத்தார். வீட்டுக்குப் போய்ப் பாயில் வரிசையாகப் படுக்கவைத்த பிறகுதான், இரண்டு பிள்ளைக்குப் பதில் மூன்று இருப்பது மாரியப்பன் வீட்டில் தெரிந்தது.

போன் வந்ததும் அண்ணன் கோமதியைக் கூட்டிக்கொண்டு சிலமலைக்கு ஓடினார். அங்கே அந்தப் பெண் விழித்து உட்கார்ந்து பணியாரம் தின்றுகொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும், நீ போ, நான் நாளைக்கு வருகிறேன் என்றாள். ஒரு சண்டைக்குத் தயாராகப் போன கோமதியையும் உட்காரவைத்துத் தட்டைக் கொடுத்துவிட்டார்கள். திரும்பி வந்து அண்ணன் என்னிடம், "பிள்ளைய மாத்தத் தெரிஞ்சவனுக்கு, திருப்பி மாத்தத் தெரியலையே மேடம்" என்று வருத்தப்பட்டார். அதிலிருந்து பஸ் ஏறும் முன் அவரவர் பிள்ளையை அவரவர் பெயர் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஆனது. கோமதி டப்பா கொடுப்பதும் அதோடு நின்றது.

வெள்ளிக்கிழமை அவரை எரித்தோம். சனிக்கிழமை மாலை அவர் வீட்டுப் பந்தலில், மறுநாள் பயணத்தை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பார்க்கலாம் என்றார்கள் பலர். அதற்குள் பரீட்சை வந்துவிடும். பூவும் இருக்காது. வேண்டாம், இந்த வருடம் விட்டுவிடலாம் என்றான் அவருடைய மகன். எனக்கும் அதுவே சரி என்று பட்டது.

அண்ணனின் மனைவி ராஜேஸ்வரி மதனி உள்ளேயிருந்து வெளியே வந்தார். துக்க வீட்டில் அந்த நேரத்தில் அவர் வெளியே வந்து பேசுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"போய்ட்டு வாங்க" என்றார். "அவரு இல்லையின்னு விட்டா, அடுத்த வருசமும் விட்டுருவீக."

பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளைகள நீங்க மாத்தி விடுங்க" என்றார்.

என்னால் முடியாது என்றேன். உண்மையாகவே முடியாது. பக்கத்து வீட்டில் போய்க் கறிவேப்பிலை கேட்கவே கூச்சப்படுகிறவள் நான். உன் பிள்ளையைக் கொடு, இவன் பிள்ளையை வாங்கிக்கொள் என்று நான் எப்படிச் சொல்வேன்? அண்ணன் சொன்னால் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். நான் சொன்னால் காரணம் கேட்பார்கள்.

"எம் பேத்தியும் வர்றா. மொதல்ல அவளக் குடுங்க. மத்தவங்க தன்னால குடுப்பாங்க" என்றார் மதனி.

அம்மா, அப்பாவின் சாம்பல்கூட இன்னும் ஆறவில்லை என்றான் மகன். எல்லோர் மனத்திலும் இருந்தது அதுதான். இறப்புத் தீட்டுள்ள வீட்டிலிருந்து, எரித்த மூன்றாம் நாள் ஒரு பிள்ளை. அதைத் தன் குடும்பத்தோடு சேர்த்து நடத்திப்போய், தன் டப்பாவில் சோறு போட யார் கை நீட்டுவார்கள்? ஆறு வயதுப் பெண் மித்ரா. தாத்தாவுக்காகச் சென்னையிலிருந்து வந்தவள். ஜீப் நிற்கிற இடத்தில் அவள் நிற்க, யாரும் அவளைக் கூப்பிடாமல் போனால் அவளிடம் நான் என்ன சொல்வேன்? மதனிக்கு இந்தப் பயம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு அதைத் தவிர வேறு நினைப்பில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது, அவரிடமிருந்து என்னிடம் என்ன தங்கியிருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். பறவைப் பெயர்கள் நிச்சயமாக இல்லை. பாலிசி ஒன்று இருக்கிறது. அதற்கு மேல் ஒன்று உண்டென்றால், அவர் மனிதர்களிடம் கேட்கும் விதம். மறுத்துவிடுவார்களோ என்ற சந்தேகத்தை முகத்தில் காட்டாமல் கேட்பார். கேட்கப்பட்டவருக்கு, மறுக்கலாம் என்பதே மறந்துபோகும். நான் வைத்துக்கொள்ள விரும்புவது அதைத்தான். அது என் கைக்கு வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

மறுநாள் நடந்தது இது.

வழக்கத்தைவிடக் குறைவாகவே குடும்பங்கள் வந்திருந்தன. குரங்கணியில் இறங்கியதும் மித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்ல ஒரு வாக்கியம் தயார் செய்திருந்தேன். அதைத் தொடங்குவதற்குள் லதா வந்து, "பாப்பா எங்கூட வரட்டும்க்கா" என்று மித்ராவின் இன்னொரு கையைப் பிடித்தார்.

"அதெப்படி? அண்ணே பேத்தி எங்கூடத்தான் வரும். நா நேத்தே முடிவு பண்ணிட்டேன்" என்றார் கோமதி.

"நீங்க முடிவு பண்ணாப் போதுமா? நா மொத பஸ்சுக்கு வந்து நிக்கிறேன்."

"ஏத்தா, ரெண்டு பேரும் சண்ட போட்டா பிள்ளைய நாங் கூட்டிட்டுப் போறேன்" என்றார் மாரியப்பன்.

கோமதி அவர் பக்கம் திரும்பினார். "நீங்க பேசாதீங்கண்ணே. நீங்க கூட்டிட்டுப் போற பிள்ளையத் திருப்பி வாங்க நாங்க சிலமலைக்கில்ல வரணும்."

வியாழக்கிழமைக்குப் பிறகு அன்றுதான் எல்லோரும் சிரித்தோம். மித்ரா யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் எல்லோரையும் பார்த்தாள். நான் வகுப்பில் பேசுகிற குரலில், லதா முதலில் கேட்டார், ஆகவே மித்ரா லதாவோடு என்றேன். அந்தக் குரல் தணிவதற்குள் மற்றப் பிள்ளைகளையும் மாற்றிவிட்டேன். அடுத்த வருடம் எனக்கு என்று சொல்லிவிட்டு, லதாவின் மகனைக் கோமதி கூட்டிக்கொண்டு போனார். ஒரு தம்பதி மட்டும் தங்கள் பையனைத் தங்களோடேயே வைத்துக்கொண்டார்கள். நான் கேட்கவில்லை. அண்ணன் கேட்டிருப்பார்.

காப்பிப் பூ பெரும்பாலும் வாடிப் பழுப்பேறியிருந்தது. நிழல் விழுந்த ஒரு சரிவில் மட்டும் வெள்ளையாக மிச்சம் இருந்தது. அதன் கீழேயே எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மாலையில் மித்ராவை வீட்டில் விடப் போனேன். அவள் உள்ளே ஓடி, அப்பத்தாவின் மடியில் ஒரு வாழையிலைப் பொட்டலத்தை வைத்தாள். லதா செய்து கொண்டுவந்த இலையடை. தனக்குக் கொடுத்ததில் ஒன்றைத் தின்னாமல் வைத்திருந்திருக்கிறாள்.

"யாரு குடுத்தா ஆத்தா?" என்று கேட்டார் மதனி.

"லதா அத்தை."

பக்கத்தில் இருந்த உறவுக்கார அம்மாள், துக்க வீட்டில் இனிப்பா என்று தணிந்த குரலில் சொன்னார். வியாழக்கிழமையிலிருந்து அம்மா எதையும் சரியாகச் சாப்பிடவில்லை என்று மகன் காலையில்தான் என்னிடம் சொல்லியிருந்தான். மதனி இலையைப் பிரித்தார். ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

"வெல்லம் பத்தல" என்றார்.

பிறகு மீதியையும் சாப்பிட்டார்.