அமெரிக்காக்காரங்களுக்கு ஓர் அர்ச்சனை

இதை எழுதலாமா வேண்டாமான்னு சில வருசமா தயங்கிட்டே இருந்தேன். சாமி விசயம், கூடவே என் மானமும் இருக்கு. இப்போ மகளுக்குக் கல்யாணமாகிப் பேரனும் பிறந்தாச்சு. இனி யார் சிரிச்சாலும் சிரிக்கட்டும்.

கம்பைநல்லூர் பக்கம் எங்க வூடு. ஓட்டு வூடு, மழை வந்தா ஒழுகும். தை மாசம் மக கல்யாணத்துக்குள்ள ஓட்டைப் பிரிச்சுட்டு கான்கிரீட் தளம் போட்டுடணும்னு மாந்தோப்புல பாதியை வித்து வெச்சிருந்தோம். என் மனைவியோட தம்பி தருமபுரியில, ஷேர் மார்க்கெட்டுல காசு போடற மியூச்சுவல் ஃபண்டுக்கு ஆள் சேர்க்கிறவர். அவர் வந்து, "மாமா, வெளிநாட்டுக்காரங்க நம்ம நாட்டுல காசைக் கொண்டாந்து கொட்டறாங்க. அவங்களோட சேர்த்து நீங்களும் போடுங்க. தளம் என்னங்க, மாடியே கட்டலாம்"னு சொன்னார். மனைவி வேண்டாம்னு தலையாட்டினா. நான் போட்டேன்.

நல்லாத்தான் ஏறுச்சு. காலையில விளக்கேத்தினதும் போனைத் திறந்து பார்ப்பேன். அப்புறம் ஒரு வாரம் இறங்குச்சு. அடுத்த வாரமும் இறங்குச்சு. போன் போட்டுக் கேட்டேன்.

"அமெரிக்காவுல வட்டி ஏத்திட்டாங்க மாமா. அவங்க காசை எடுத்துக்கிட்டு ஊருக்குத் திரும்பறாங்க. நம்மள மாதிரி வளர்ற நாட்டுல எல்லாம் இதே கதைதான்."

"நம்ம மேல ஏதாச்சும் கோவமா?"

"கோவமெல்லாம் இல்லைங்க. அங்கேயே பத்திரமா வட்டி வருது, இங்க எதுக்கு இருக்கணும்?"

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

போனை வெச்சுட்டார்.

வூட்டுல சொல்லலை. வெள்ளிக்கிழமை தேங்காய் பழத்தோட அம்மன் கோயிலுக்குப் போனேன். பூசாரி தட்டை வாங்கிக்கிட்டு, "யார் பேருக்குங்க?"ன்னார்.

"அமெரிக்காக்காரங்க பேருக்கு. திரும்பி வரணும்னு."

"நட்சத்திரம்?"

"தெரியாதுங்க."

"எத்தனை பேரு?"

"அதுவும் தெரியாது. நிறைய."

பூசாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேரும் தெரியாம, நட்சத்திரமும் தெரியாம, ஆத்தா யாரைன்னு கூட்டியாருவா? சரி, ஆத்தா பேருக்கே பண்றேன். யாருன்னு அவ கண்டுபிடிச்சுக்கட்டும்." மூணு வெள்ளிக்கிழமை அப்படியே நடந்துச்சு. நாலாவது வாரம் திரும்பிப் பார்த்தா என் மனைவி நிக்கிறா. பூசாரி வூட்டம்மா தண்ணிக் குழாயடியில சொல்லியிருக்காங்க, இவ உடனே தம்பிக்குப் போன் போட்டு விசயத்தைக் கறந்திருக்கா.

"ஏங்க, அமெரிக்காவுல வட்டி ஏறினா நம்ம வூடு ஏங்க ஒழுகணும்?"

அவ தட்டை வாங்கி, "என் மக பேருக்குப் பண்ணுங்க. கேட்டை நட்சத்திரம்"னு சொல்லிட்டு என் பக்கம் திரும்பினா. "மிச்சம் இருக்கிறதைத் திங்கக்கிழமையே எடுங்க. அவங்களுக்குப் போக ஊரு இருக்கு. நமக்கு இந்த வூடுதான்."

எடுத்தோம். கூடத்துக்கு மட்டும் தளம் போட முடிஞ்சுது, அடுப்படிக்குத் தகர ஷீட்டு. கல்யாணம் ஒரு சொட்டு ஒழுகாம நடந்துச்சு.

பங்குனியில மச்சினர் போன் போட்டார். "மாமா, வெளிநாட்டுக்காரங்க திரும்பி வந்துட்டாங்க! ஏறுது!" மனைவி முந்தானையால வாயை மூடிக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. தகரத்துல அவ சிரிப்பு எதிரொலிச்சுது.

படிக்கிறவங்க நாலு பேருக்குச் சொல்லுங்க. என்னை முட்டாள்னு தாராளமா சொல்லலாம். ஆனா கூட்டாம குறைக்காம சொல்லுங்க. ஆத்தா கைவிட்டுட்டான்னு மட்டும் யாரும் மாத்திடாதீங்க. நான் கேட்டவங்களை அவ கூட்டியாந்துட்டா. அவங்க வந்தப்போ நான்தான் அங்க இல்லை.