மனைவியின் கையில் தட்டுப்பட்டது

போன வருடம் பெரும்போக அறுவடை முடிந்த கையோடு, முள்ளியவளையில் எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்தது இது. உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து இறங்கிய மனைவி கால் தடுக்கி விழப்போனாள். சட்டென்று அவளுடைய மேற்கையைப் பிடித்தேன். உட்புறத்தில், தோலுக்கடியில் கடினமாக என்னவோ விரலில் தட்டுப்பட்டது.

யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும் எங்கள் பக்கத்தில் உடம்புக்குள் ஷெல் துண்டோடு திரிகிறவர்கள் ஏராளம். என் முழங்காலுக்குக் கீழேயும் ஒன்று இருக்கிறது. நாலு பேர் கூடினால் அதைத் தடவிக் காட்டிக் கதை சொல்லாமல் எனக்குப் பொழுது போகாது. அப்படிப்பட்ட அனுபவசாலிக்குச் சந்தேகம் வருமா? இவளுக்குள்ளும் ஒரு துண்டு இருந்து, இப்போது இடம் நகர்ந்திருக்கிறது என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். ஒன்றுமில்லை, விடுங்கோ என்று அவள் மழுப்பினாள். நான் கேட்கவில்லை. மறுநாள் காலையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

எக்ஸ்ரே எடுக்கச் சொல்லவேண்டும் என்று வாங்குப் பலகையில் உட்கார்ந்து அவளிடம் அளந்துகொண்டிருந்தேன். எங்களுக்கு முன்னால் இரண்டு பேர்தான். அப்போதுதான் அவள் நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

“இது ஷெல் துண்டில்லையப்பா. பிள்ளை தங்காமல் இருக்க வைக்கிற குச்சி. கிளினிக்கில போட்டு ரெண்டு வருஷமாச்சு.”

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இரண்டு மகள்களுக்குப் பிறகு ஒரு மகன் வேண்டும், யுத்தத்தில் போன என் தம்பியின் பெயரை அவனுக்கு வைக்கவேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

“சின்னவள் பிறக்கேக்க ரத்தம் நிக்காமல் போனது தெரியும்தானே. உடன இன்னொண்டு தங்கினால் உயிருக்கு ஆபத்தெண்டு டொக்டர் சொன்னவர். புருஷனையும் கூப்பிடுங்கோ, ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுங்கோ எண்டு மிட்வைஃப் அக்கா சொன்னவா. உங்களுக்கு ரெண்டு தரம் ஆள் அனுப்பினனான்.”

நினைவு வந்தது. கிளினிக் நாளில் எங்கள் ஊர் ஆண்களின் மோட்டார் சைக்கிள்கள் வாசலில் வரிசையாக நிற்கும், உள்ளே ஒரு ஆணும் இருக்கமாட்டான். அன்றைக்கு நானும் வேப்பமரத்தடியில் சாய்ந்துகொண்டு போனில் கிரிக்கெட் பார்த்தேன். பெண்களின் அலுவலில் எனக்கென்ன வேலை என்று வந்த ஆளிடம் சொல்லி அனுப்பினேன். உள்ளே அவள் தன் உயிரைப் பற்றித் தனியாக முடிவெடுத்திருக்கிறாள்! பிறகு இரண்டு வருடமும் வீட்டில் நீளக் கைச் சட்டைதான் போட்டாள். வெயிலுக்காக்கும் என்று நினைத்தேன்.

எங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். “வாரும், வீட்டை போவம்” என்று சொல்லி எழும்பினேன்.

அடுத்த கிளினிக் நாளில் உள்ளே போய், பெண்களுக்கு நடுவே ஒரு கதிரையில் இருந்தேன். கூச்சத்தில் வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் மிட்வைஃப் சொன்னதையெல்லாம் இருந்து கேட்டேன். காலில் உள்ள துண்டைக் காட்டிக் கதை சொல்வதை விட்டுவிட்டேன். என் மனைவி உயிரோடு இருப்பதற்காக என்னிடமே ஒளிக்கவேண்டி இருந்ததே என்று நினைத்தால், இன்றைக்கும் எனக்கு என்மேலேயே வெட்கமாக இருக்கிறது.